உங்கள் நாட்டில் இந்த ரேஸ் ஓடாது

போனில் ஒரு பைக் ரேஸ் ஓடவில்லை என்றால் நீங்கள் யாரைத் திட்டுவீர்கள்? ரேஸ் நடத்துகிறவரையா, டிவிக்காரரையா, ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக வாங்கிப் பூட்டி வைத்த கம்பெனியையா? அவர்கள் யாருடைய நம்பரும் உங்களிடம் இல்லை. என் நம்பர் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவை என்கிற தொழிலே இவ்வளவுதாங்க: தப்புச் செய்தவர் எட்டாத தூரத்தில் இருப்பார், போனை எடுப்பவர் காதுக்குப் பக்கத்தில் இருப்பார்.

அஸ்தம்பட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். விளையாட்டு, சினிமா எல்லாம் காட்டுகிற ஒரு ஆப்புக்குத் தமிழில் வரும் போன்களை எட்டுப் பேர் எடுக்கிறோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரை படித்துவிட்டு, கல்யாணமாகி, மகளைப் பால்வாடியில் விடும் வயசு வந்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். ஒரு போனை ஆறு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் டீம் லீடர் அமுதாவின் திரையில் என் பெயர் சிவப்பாகிவிடும். கீழே பல் பிடுங்கும்போது கேட்கிற சத்தத்துக்கும் எங்கள் ஹெட்போனில் கேட்கிற சத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நீங்களும் ஹெட்போன் மாட்டிப் பிழைக்கிறவர் என்றால், இதைப் படித்துக்கொண்டே நிதானமாகப் பெருமூச்சு விடுங்கள். அதற்கு யாரும் நேரம் குறிக்க மாட்டார்கள்.

லோக்கல் பர்மிட்

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி ஓனர். போன வருஷம் எங்கள் ஆப்பில் பார்த்த கார் ரேஸ் இந்த வருஷம் இல்லை என்று கூப்பிட்டார். எங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். "குறிப்பிட்ட நிகழ்வின் ஒளிபரப்பு உரிமை தற்சமயம் எங்களிடம் இல்லை" என்று அதில் இருப்பதை வாசித்தேன். "தமிழ்ல சொல்லுங்க அம்மணி" என்றார். நான் வாசித்ததும் தமிழ்தான். சரியென்று, என் மகளுக்குச் சொல்வது போலச் சொன்னேன்: அந்த ரேஸை இந்த வருஷம் வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது, அவர்கள் மட்டும்தான் காட்டலாம், நாங்கள் ஒரு நிமிஷம் காட்டினாலும் கேஸ் ஆகிவிடும்.

அவர் கோபப்படவில்லை. சுவிட்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். நெட் சரியாக இருக்குதா? இருக்குதுங்க. ஆப் சரியாக இருக்குதா? இருக்குதுங்க. போன் புதுசு, அதுவும் சரிதான். கடைசியில் சொன்னார்: "வண்டி என்னுது, டிரைவர் என்னுது, டீசலும் நான் ஊத்திட்டேன். லோடை மட்டும் அடுத்தவன் ஏத்திட்டுப் போயிட்டான். அதானுங்களே?"

மீன் கடையிலிருந்து

எங்கள் ஆப்பிலாவது ஒரு ரேஸ் தெரியுமா என்று கேட்டு மல்லிகா அக்கா ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். ஜேடர்பாளையம் தடுப்பணைக்குப் பக்கத்தில் மீன் வறுத்து விற்கிறவர். அவருடைய மகள் திவ்யா பைக் ரேஸ் ஓட்டுகிறவள். ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைக்கு மீன் எடுத்து வரப் பழகிய பிள்ளை, கோயமுத்தூரில் பயிற்சி எடுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமை மலேசியாவில் முதல் வெளிநாட்டு ரேஸ் ஓட்டப் போகிறாள். ரேஸ் நடத்துகிறவர்கள் அதை நெட்டில் உலகத்துக்கே சும்மா காட்டுகிறார்கள். இந்தியாவில் மட்டும் தெரியாது. இந்தியாவுக்கான உரிமையை முழுசாக ஒரு டிவி சேனலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சேனலோ ஞாயிற்றுக்கிழமை பழைய கபடியைப் போட்டுவிட்டு, ரேஸைப் புதன்கிழமை காட்டப் போகிறது.

"புதங்கெழம பாத்து என்னங்க பண்றது? போன தடவ உழுந்து தோள்பட்ட எலும்பு விரிசல் உட்டுப்போச்சு. மறுநாள்தான் சொன்னா, அதுவும் சோறு தின்னியான்னு கேட்டதுக்கு, ஸ்பூன்லதாம்மா திங்கறேன்னா. இந்தத் தடவ நானே பாக்கோணும்" என்றார்.  தாளில் இருந்ததை வாசித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது இது: "பத்து மாசம் சொமந்தவளை ஒரு வார்த்த கேக்காம எப்புடி சாமி எழுதிக் குடுத்தாங்க?"

இலை போட்ட பிறகு

உரிமையைச் சில சமயம் துண்டு போட்டும் விற்பார்கள். ஒரு ரேஸுக்கு வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டமும் சனிக்கிழமை தகுதிச் சுற்றும் எங்கள் ஆப்பில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் மட்டும் வேறொருவருடையது. குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் முதல் இரண்டு நாளையும் ஒரு நிமிஷம் விடாமல் பார்த்தவர். மூன்றாம் நாள் தறியை எல்லாம் நிறுத்திவிட்டு, மச்சான் இரண்டு பேரையும் வரச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார். திரையில் பூட்டுப் படம்.

விளக்கத்தைக் கேட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னார்: "பந்தில உக்கார வெச்சு, எலையப் போட்டு, தண்ணி தெளிக்கச் சொல்லி, உப்பும் வெச்சுப்போட்டு, எந்திரிங்க சாப்பாடு அடுத்த மண்டபத்துலங்கறீங்க."

நெதர்லாந்துக்குப் போனவர்

இது எங்கள் ஆபீஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு தம்பி. வெளிநாட்டில் ரேஸுக்குப் பூட்டு இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போன் நெதர்லாந்தில் இருப்பது போல எதையோ மாற்றிவிட்டார். ரேஸ் தெரியவில்லை. ஆனால் ஆப் முழுக்க அந்த ஊர்ப் பாஷைக்குப் போய்விட்டது. பேங்க் ஆப், வெளிநாட்டிலிருந்து யாரோ நுழைகிறார்கள் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டது. மழை வருமா என்று பார்த்தால் ஆம்ஸ்டர்டாமில் மழை.

ஒவ்வொரு பட்டனாக, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், "மேலிருந்து மூணாவது கோடுங்க, இப்ப அடியில சிவப்பா ஒண்ணு" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிஷம். என் பெயர் சிவப்பாகி நெடுநேரம் ஆகிவிட்டது. நடுவில் அவர் கெஞ்சினார்: "ரேஸு வேண்டாங்க மேடம். என்னை அஸ்தம்பட்டிக்குத் திருப்பிக் கொண்டாந்து உட்டுருங்க, போதும்."

எங்கள் வீட்டு வாடிக்கையாளர்

என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி மெக்கானிக். பைக் ரேஸ் என்றால் சோறு வேண்டாம். நான் இந்த வேலையில் சேர்ந்ததும், பூட்டிய ரேஸை எல்லாம் திறக்கும் சாவி என் கைப்பையில் வந்துவிடும் என்று நம்பியவர். அது நடக்கவில்லை என்பதால் இன்றுவரை வீட்டில் எனக்கு மரியாதை கொஞ்சம் குறைச்சல்தான்.

சனிக்கிழமை மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே மல்லிகா அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் போனை நீட்டினார். அதில் படம் இல்லை, ஒரு பட்டியல் மட்டும். வண்டி நம்பர், பெயர், கடைசிச் சுற்றுக்கு எடுத்த நேரம். ஒரு வண்டி இன்னொன்றை முந்தினால் அந்த வரி மேலே ஏறும். ரேஸ் நடத்துகிறவர்களே அவர்கள் தளத்தில் போடுவது, எல்லா நாட்டிலும் தெரியும். படத்துக்குத்தான் பட்டா போட்டு விற்றிருக்கிறார்கள், நம்பரை யாரும் வாங்கவில்லை. படம் வராத ஞாயிறெல்லாம் இவர் இந்தப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். இரண்டு வருஷமாக அந்த ஆபீஸில் இருக்கிற எனக்கு இது தெரியாது என்றதும் சொன்னார்: "கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போறவ ஊட்டுல ஒரு முட்டையாச்சும் இருக்கும். நீ அங்க போயி எதைத்தான் புள்ள கொண்டாந்த?"

ஞாயிறு பன்னிரண்டே முக்கால்

படம் இல்லை, நம்பர்தானே, சொல்லலாம் என்று அமுதா அனுமதி கொடுத்தாள். காலையிலேயே மல்லிகா அக்காவைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். திவ்யாவின் வண்டி நம்பர் எழுபத்தொண்ணு. ரேஸ் தொடங்கியதும் அவரே தன் வீட்டுக்காரர் போனிலிருந்து எங்கள் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, என்னையே லைனில் கேட்டு வாங்கிவிட்டார். அவர் போனில் பட்டியல், வீட்டுக்காரர் போனில் நான், கடைக்கு எதிரே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

"கண்ணு, எழுபத்தொண்ணு எட்டாவதுல நிக்குது. நல்லதா, கெட்டதா?"

"பதினெட்டு வண்டில எட்டுங்கக்கா. நல்லதுதான்."

"அப்ப மீனைப் போடறேன்."

எண்ணெய் சத்தம் கேட்டது. யாரோ, "அக்கா, கட்லா சொல்லி அர மணி நேரமாச்சு" என்றார்கள். "இருங்க தம்பி, என்ற புள்ள ஏழுக்கு வந்துட்டா. இன்னொருத்தனத் தாண்டட்டும், தர்றேன்" என்றார். பத்துச் சுற்று ரேஸ். ஐந்து சுற்று இப்படியே போனது.

ஆறாவதில், "கண்ணு, ஆளக் காணோம்" என்றார். அடியில் பாருங்கள் என்றேன். "அடியிலதான் கெடக்குது. பதினெட்டு."  விழுந்திருக்கலாம், பாதையை விட்டு ஓரமாகப் போய்த் திரும்பி வந்திருக்கலாம். பட்டியல் அதையெல்லாம் சொல்லாது. "அடுத்த சுத்து வரட்டுங்கக்கா. நேரம் மாறுச்சுன்னா வண்டி ஓடுதுன்னு அர்த்தம்" என்றேன். அந்தப் பக்கம் யாரோ மீன் கருகுது என்றார்கள். சட்டியை யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை. அமுதா எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. திட்டப் போகிறாள் என்று திரும்பினேன். "எத்தனை சுத்து பாக்கி?" என்றாள்.

"மாறிருச்சு" என்றார் மல்லிகா அக்கா. "நேரம் மாறிருச்சு கண்ணு. ஓட்டறா."

பதினைந்தாவதாக முடித்தாள். மல்லிகா அக்கா அதைக் கடை முழுக்க அறிவித்ததைக் கேட்டவர்கள், முதலாவது வந்துவிட்டாள் என்றே நினைத்திருப்பார்கள். எத்தனையாவது என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது: "முழுசா வந்துட்டாங்க, அதுக்கு நம்பர் எதுக்கு?"

போனை வைக்கும் முன் நாங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய, வேறு ஏதாவது உதவி வேண்டுங்களா என்ற கேள்வியைக் கேட்டேன். அதற்கு அவர் சொல்லச் சொல்ல, எழுத்து மாறாமல் கோரிக்கைக் கட்டத்தில் அடித்தேன். இந்த இரண்டு வருஷத்தில் நான் மேலிடத்துக்கு அனுப்பியதிலேயே உருப்படியான யோசனை இதுதான்: "அத்தன வண்டியும் எனக்கெதுக்குங்க சாமி, அடுத்த ரேஸுக்கு எழுபத்தொண்ணுக்கு மட்டும் உரிமைய வாங்கிப் போடச் சொல்லுங்க, மத்த பதினேழையும் அவிங்களே வெச்சுக்கட்டும்."