அப்பா பார்த்த பதினோரு நிமிடம்

அப்பா முப்பத்தோரு வருடம் தபால் பிரித்தார். எதிரே நாற்பத்தெட்டு அறைகள் கொண்ட மர அலமாரி. கண் விலாசத்தைப் பார்க்கும். கை தானாகப் போகும். அஞ்சலட்டை என்றால் எழுதிய பக்கத்தைக் கீழே திருப்பிக்கொள்வார். "விலாசம்தான் நமக்கு. விஷயம் அவங்களுக்கு" என்பார். கூட இருந்தவர்கள் அவருக்குத் துறவி என்று பெயர் வைத்தார்கள்.

அம்மா இறந்து ஆறு வருடம் கழித்து நரம்பு நோய் வந்தது. முதலில் கை போனது, பிறகு பேச்சு. கண் மட்டும் மிஞ்சியது. செயலிகளைச் சோதிப்பது என் வேலை. கட்டிலருகே கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, கண்ணால் எழுதும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். கேமரா விழியைப் பின்தொடரும். ஓர் எழுத்தின் மேல் பார்வை சற்று நின்றால் அந்த எழுத்து விழும்.

முத்திரை குத்தும் பிரிவில் இருந்த நண்பர் பார்க்க வந்தார்.

"என்ன துறவி, கண்ணாலயே பேசுறியாமே? கல்யாணத்துக்கு முன்னாடி பண்ண வேண்டியத இப்பவா பண்றது?"

அப்பா நிதானமாக எழுதினார்: "அப்ப நீ குறுக்க நின்ன."

நண்பர் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டார்.

அடுத்த வாரம் எழுத்துகள் இடம் தவறி விழ ஆரம்பித்தன. சரிசெய்யப் பார்வைப் பதிவைத் திறந்தேன். கண் எங்கே, எத்தனை நொடி நின்றது என்று எல்லாம் அதில் இருந்தது. முகப்புத் திரையில் அம்மாவின் படம் வைத்திருந்தோம். பார்வை அதிகம் நின்ற இடத்தைப் பதிவு சிவப்பாகக் காட்டும். அம்மாவின் முகத்தின் மேல் அடர்ந்த சிவப்புத் திட்டு.

"அப்பா, நேத்து மட்டும் பதினோரு நிமிஷம் அம்மாவையே பாத்துட்டு இருந்திருக்கீங்க!"

செல்லமாகத்தான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாலைவரை திறக்கவில்லை. திறந்ததும் எழுதினார்: "அதையும் குறிச்சு வைக்குதா?"

"அளவு சரி பண்ணத்தான்ப்பா."

"வேற யாருக்குப் போகுது?"

செயலி நிறுவனத்துக்கும் போயிருந்தது. ஒப்புதல் பக்கத்தைப் படிக்காமல் அவருக்காகச் 'சரி' அழுத்தியவள் நான். ஊருக்கெல்லாம் படித்துவிட்டு அழுத்துங்கள் என்று சொல்கிறவள். அதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பதிவை நிறுத்தினேன், இருந்ததை அழித்தேன், அழித்ததைக் காட்டினேன். அதன்பிறகும் பேசி முடித்தால் பார்வையைத் திரையின் வெற்று மூலையில் கொண்டுபோய் வைத்துக்கொள்வார். படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்தாம் நாள் எழுதினார்: "படத்த சுவத்துல மாட்டு பாப்பா. மத்தியானம் ஒரு மணி நேரம் ஃபோன அந்தப் பக்கம் திருப்பி வை. நீயும் வராத."

"மூச்சு முட்டினா எப்படிப்பா கூப்பிடுவீங்க?"

"கூப்பிட மாட்டேன்."

இரண்டு நாள் சண்டை போட்டேன். கண்ணை மூடிக்கொள்பவரிடம் எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்? படத்தை அச்சிட்டு எதிர்ச் சுவரில் மாட்டினேன். தினமும் மூன்று மணிக்குக் கைபேசியைத் திருப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த அறையில் வேலை செய்வதாகப் பேர் பண்ணினேன். ஒவ்வொரு நாளும் நான்கு மணி நெடுந்தொலைவில் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் நான்கு மணிக்குக் கதவைத் திறந்தபோது மூச்சு இல்லை. கூப்பிட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்றார் மருத்துவர். அவர் அப்படித்தான் சொல்வார்.

கண்கள் திறந்திருந்தன. பார்வை எந்தப் பக்கம் நின்றது என்று பார்க்காமல், கையால் தடவி மூடினேன்.