சித்தாண்டியின் முதல் எழுத்து

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பிடிபட்டவர்களைத் தேடும் அந்த அலுவலகத்தின் நல்ல கணினிகள் இரண்டும் கைக்குண்டு வீச்சில் எரிந்து போயிருந்தன. மிஞ்சியது மூலையில் கிடந்த பழைய பெட்டி ஒன்று. அதில் படமும் இல்லை, சுட்டியும் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். பத்தாம் வகுப்போடு நின்று, தட்டச்சு பழகி, கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளுக்குச் சோறாக்கிக்கொண்டிருந்தவள் நான். ஆமி பிடித்துக்கொண்டு போனவர்களின் விபரங்களைப் பதிய ஆள் வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு கிழமைக்கு முன்னர்தான், கைகள் பின்னால் கட்டப்பட்ட உடல் ஒன்று எங்கள் தெருவுக்கு நேரே வாவியில் ஒதுங்கியிருந்தது. முகத்தை மீன் தின்றிருந்தது. இன்னார் என்று சொல்ல ஆளில்லாமல் புதைத்தார்கள். அதைப் பார்த்த கண்ணோடு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெட்டியை எனக்குப் பழக்கியவள் என்னோடு வேலை செய்த ஒரு கத்தோலிக்கப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், வாய் ஓயாது.

"அக்கா, இது ரெண்டு நிலையில நிக்கும். ஐ எழுத்த அடிச்சா எழுதலாம். எஸ்கேப் அடிச்சா, மறுகா நீங்க அடிக்கிறதெல்லாம் கட்டளை. எழுத்தெண்டு நினைச்சு அடிப்பீங்க, அது வெட்டும்."

"ஆமிக்காரன் மாதிரியா புள்ள?"

"ஓம். நாம என்ன சொல்ல வந்தமெண்டு அவனும் கேக்க மாட்டான்."

தினமும் காலையில் நான் விசைப்பலகையில் ஒரு துளி திருநீறு வைத்துத்தான் தொடங்குவேன். "ஒள்ளுப்பமா வைங்கக்கா, உள்ளுக்குப் போனா மெஷின் சைவமாயிரும், என்ட சொல்லுக் கேளாது" என்பாள்.

அங்கே எல்லோருக்கும் ஒரு சட்டம் இருந்தது. வெடிச் சத்தம் கேட்டால் முதலில் சேமிக்க வேண்டும். எஸ்கேப், முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ, என்டர். வெடித்த கையோடு மின்சாரம் போய்விடும், அதுவரை அடித்ததும் போய்விடும். மந்திரம் போல என் விரல்களுக்கு அது பாடமாயிற்று. கடதாசியில் எழுதி வைப்பதை விட்டுவிட்டோம். பெயர்ப்பட்டியலோடு சோதனைச் சாவடியில் பிடிபட்ட ஒருவரைக் காலெலும்பு முறியும்வரை அடித்திருந்தார்கள். அச்சிட்ட பட்டியலை ஆமி முகாமுக்குக் கொண்டுபோக எங்கள் பொறுப்பாளருக்கு மட்டுமே அனுமதி இருந்தது. வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குப் போவார். பட்டியலில் உள்ளவர்களைத்தான் கேட்கலாம். கேட்காத ஆளை, அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த வியாழன்வரை உயிர் இருக்குமா என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

அப்படி ஒரு வியாழன், பதினொன்றரை மணிக்கு ஒரு தாய் வந்தார். முந்தைய நாள் கிரானில் நடந்த சுற்றிவளைப்பில் அவருடைய மகனைப் பிடித்திருந்தார்கள். துவக்குப் பிடியால் செவியில் அடித்து, விழுந்தவனின் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய் ட்ரக்கில் எறிந்தார்களாம். ட்ரக்கின் இலக்கத்தை அந்தத் தாய் மனதில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஊர், பெயர், வயது, உடுப்பு, ட்ரக் இலக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் அடித்து, வாசித்துக் காட்டினேன்.

"ஊர் கிரான் எண்டா போட்டீங்க?" என்று கேட்டார். "கிரான்ல பிடிச்சதுதான், மகள், ஆனா அவன்ட ஊர் சித்தாண்டி. ஊர் பிழைச்சா அது வேற பொடியன் எண்டிருவாங்க."

எஸ்கேப் அடித்து, வரியின் தொடக்கத்துக்குப் போய்க் கிரானை அழித்தேன். அப்போதுதான் றோட்டில் கிளைமோர்க் குண்டு வெடித்தது.

யன்னல் கண்ணாடி முழுவதும் உள்ளே வந்து விழுந்தது. வெளியே துவக்குச் சூடு தொடங்கியது. அந்தத் தாய் "ஐயோ என்ட புள்ள" என்று அலறிக்கொண்டு வாசலால் ஓடினார். மறிக்க யாருக்கும் கை எழவில்லை. சூடு ஓய்ந்ததும் மேசைக்குக் கீழிருந்து எழும்பினேன். மின்சாரம் அன்று போகவில்லை. முருகா என்று சொல்லிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சித்தாண்டி என்று ஆங்கிலத்தில் அடித்தேன்.

ஐ அடிக்க மறந்துபோனேன்.

ஆங்கிலத்தில் சித்தாண்டிக்கு முதலெழுத்து பெரிய சீ. அந்தப் பெட்டிக்கு அது, நிற்கும் இடத்திலிருந்து வரி முடியும்வரை வெட்டு என்ற கட்டளை. பெயர், வயது, உடுப்பு, ட்ரக் இலக்கம் எல்லாம் ஒரே வெட்டில் போயின. மீதி எழுத்துகள் மட்டும் வெற்று வரியில் தலையில்லாத முண்டமாகக் கிடந்தன.

தாயைத் தேடிப்பிடிக்க வழியில்லை, றோட்டை மூடிவிட்டார்கள். பெயர் எனக்கு நினைவிருந்தது. இலக்கம் ஒன்றும் நினைவில் இல்லை. பயத்தில் என் விரல்கள் பாடமான வேலையைத் தாமாகச் செய்தன. எஸ்கேப், முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ.

"அக்கா, கைய எடுங்க!"

எனக்குப் பழக்கியவள் நிலத்தில் இருந்தாள். நெற்றியில் கண்ணாடி ஏறி, இரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. மற்றக் கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்டர் அடிச்சீங்களா?"

"இல்ல புள்ள."

"அடிச்சா வெட்டினபடியே பதிஞ்சிரும், அவன் போயிட்டான். எஸ்கேப் அடிங்க. மறுகா சின்ன யூ. ஒருக்கா மட்டும். ரெண்டாந்தரம் அடிச்சீங்களெண்டா திரும்பவும் வெட்டிப் போடும்."

என் விரல் இருமுறை பட்டுவிடுமோ என்று, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அடித்தேன். வரி வந்தது. ஐ அடித்துச் சித்தாண்டியை எழுதிச் சேமித்த பிறகுதான் அவளுடைய நெற்றியை என் சேலைத் தலைப்பால் அமத்திப் பிடித்தேன். அந்த வரிசையை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். அவள் திட்டவில்லை. "உங்கட முருகனுக்கு யூ எழுத்தச் சொல்லிக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பொறுப்பாளர் பட்டியலோடு, தன் அனுமதியைக் காட்டிச் சோதனைகளைத் தாண்டிப் போய், பின்னேரம் திரும்பி வந்தார். பட்டியலில் ஒன்பது பெயர்கள் இருந்தன. இரண்டுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு. அவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று ஆமி ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் அது. சித்தாண்டிப் பொடியன் அந்த இருவரில் ஒருவன். விளக்கேற்றி நன்றி சொல்ல வாயெடுத்தேன். கோடு விழாத ஏழு பெயர்களும் எனக்குப் பாடமாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கும்பிட்டேன். நன்றி சொல்ல வரவில்லை.

மூன்றாம் நாள் அந்தத் தாய், மகனை முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார். வாசல் வாங்கில், கோடு விழாத பிள்ளைகளின் தாய்மார் குந்திக் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் மேசையடிக்கு வந்து, என் காதோடு சொன்னார்:

"உசிரோட இருக்கான். அடிச்ச அடியில காது ரெண்டும் கேக்காமப் போயிட்டு. பலத்துச் சொல்லாதீங்க, வாசல்ல இருக்கிறவங்களுக்குக் கேட்டிரும்."