உள்ளங்கைக்குள் ஒடிந்த சத்தம்

நோர்வூட்டுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் றோசலினைப் போல் பயந்தவள் வேறு யாரும் இல்லை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் அவர்களுடைய குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. குழந்தை அயர்ந்து தூங்கினால் அவளுக்குப் பொறுக்காது. மூக்கருகே விரலை வைப்பாள். விரலில் மூச்சு சுட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வரும்.

போன வருடம் சண்முகவடிவின் மகன் மடுவத்துப் படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான். "அவகிட்ட புள்ளைய விட்டா முழுசா வராது" என்று சண்முகவடிவு லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் மகனை மடுவத்தில் விடவும் இல்லை, இருவருக்கும் பேச்சும் இல்லை. அந்தச் சொல் றோசலினின் நெஞ்சில் தைத்தபடியே கிடந்தது.

அன்று பின்னேரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சண்முகவடிவின் புருஷன் செல்லசாமி, தூக்கிய மூட்டையோடு சரிந்து விழுந்தான். ஒரு குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்க வந்த றோசலின் பக்கத்தில்தான் நின்றாள். பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்து முடிச்சுப் போட்டார்கள். யார் விழுந்தாலும் அப்படித்தான். சாக்கில் கிடத்தி, தார் ரோட்டுக்கு ஓட்டமாக இறக்குவார்கள்.

"மூச்சு இருக்கு, சீக்கிரம் தூக்குங்க" என்றார் நிறுவை பார்க்கும் சுதாகரன். செல்லசாமியின் வாய் விட்டுவிட்டுத் திறந்து, குறட்டை போல ஒரு சத்தம் வந்தது.

றோசலினின் விரல் பழக்கத்தில் அவன் மூக்கருகே போனது. சத்தம் அடங்கிய பிறகு காற்றே இல்லை. நெஞ்சும் அசையவில்லை. மடுவத்து வேலைக்காகக் கொடுத்த முதலுதவிப் பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தத் திணறல் மூச்சல்ல. இதயம் நின்றவனுக்கும் அது வரும். ஆனால் அங்கே அவள் அழுத்திப் பழகியது ஒரு பிளாஸ்டிக் பொம்மையை. இவன் செத்துப்போனால் கொன்றவள் என்று யாரைச் சொல்வார்கள்?

"தூக்காதீங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "தூக்காதீங்க. 1990க்கு அடிங்க சார், ஆம்புலன்ஸ் வரட்டும்."

அவனை மல்லாக்கக் கிடத்தி முழங்காலிட்டாள். நெஞ்சின் நடுவில் கைமேல் கை வைத்து, முழங்கை மடங்காமல், வேகமாக அமுக்கினாள். உள்ளங்கைக்கடியில் ஏதோ மளுக்கென்று ஒடிந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

"கைய எடுடி." சண்முகவடிவு ஓடிவந்து அவள் கொண்டையைப் பற்றி இழுத்தாள். "என் புள்ள பல்ல ஒடச்சது பத்தாதா ஒனக்கு?"

"அப்புறமா என்னைய கொல்லு வடிவு. இப்ப நிப்பாட்டுனா அவரு செத்துருவாரு."

கைகள் ஓய்ந்தன. "யாராச்சும் மாறுங்க" என்று கெஞ்சினாள். ஆண்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அவர்களுக்கும் அதே பயம். கொண்டையைப் பிடித்திருந்த சண்முகவடிவின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

"எங்கக்கா அமுக்கணும்? காட்டு."

மழையில் நனைந்தபடி இருவரும் மாறிமாறி அமுக்கினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சில் கருவியை ஒட்டி மின்னதிர்ச்சி கொடுத்தபோதுதான் றோசலின் விலகினாள். நாடி திரும்பிவிட்டது என்று அவர்கள் சொன்னதைக் கேட்டபிறகு அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

செல்லசாமி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அவள் லயத்துப் பக்கமே போகவில்லை. மறுநாள் சண்முகவடிவு மகனைத் தூக்கிக்கொண்டு மடுவத்து வாசலில் வந்து நின்றாள்.

"புள்ளைக்கு பல்லு, அப்பனுக்கு நெஞ்செலும்பு. இனி நான்தான் பாக்கி, இல்லக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் பையனை இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

மதியம் அவன் தூங்கினான். றோசலின் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு சுட்டது. உள்ளங்கையில் மட்டும் அந்த மளுக்கென்ற சத்தம் இன்னும் இருந்தது.