மிளகையும் டைகரையும் பழக்கிவிட்ட பழனியம்மா அக்கா

பழனியம்மா அக்கா செத்துட்டாங்க.

வாட்ஸ்அப் குரூப்ல "இயற்கை எய்தினார்"னு போட்டிருக்காங்க. இதுல இயற்கை எங்க இருக்கு? மூணு நாளா நெஞ்சு வலிக்குதுன்னு லீவு கேட்டிருக்காங்க. தடுப்பூசி கேம்ப் முடியட்டும்னு சொல்லிட்டாரு அவங்க ஆபீசர். அக்காவோட பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சொல்லாம போனா வேலை போயிரும்னு பயம். நேத்து மத்தியானம் வரைக்கும் ஊசிக்கு ஆடு பிடிச்சுக் குடுத்துட்டு, தனியா பஸ் ஏறியிருக்காங்க, கீழ ஆஸ்பத்திரிக்கு. கொண்டை ஊசி வளைவுல பாதிகூட இறங்கல... சீட்லயே சாஞ்சுட்டாங்க.

தெரியாதவங்களுக்காக... எங்க கொல்லிமலை மாட்டாஸ்பத்திரில பல வருசமா தற்காலிக வேலை. கூட்டுறது, கழுவுறது, திமிர்ற மாட்டைப் பிடிக்கிறது எல்லாம் அவங்கதான்.

நான் திருச்சிப் பக்கத்துல இருந்து இங்க டீச்சரா வந்தவ. துணைக்கு என் நாய் டைகர் மட்டும்தான். பூனை வாசம் பட்டாலே வெறி பிடிச்ச மாதிரி ஆயிருவான்.

போன வருச மழையில எங்க ஸ்கூல் விறகு ரூம்ல ஒரு கருப்புப் பூனைக்குட்டி. பின்னங்கால்ல காயம். தூக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டுப் போட்ட அதே ஆபீசர், நாய் இருக்குற வீட்ல இது ரெண்டு நாள் தாங்காது, எங்கயாவது விட்ருங்கன்னாரு.

கேட் தாண்டுறதுக்குள்ள அக்கா பின்னாடியே வந்தாங்க.

"ஏனுங்க டீச்சர், விட்றாதீங்க. சாயங்காலம் உங்க ஊட்டுக்கு வாரேன்."

வந்தாங்க. தினமும். வேலை முடிஞ்சு, மிளகுத் தோட்டத்து வழியா நடந்து.

குட்டியைப் பின் ரூம்ல விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாங்க. டைகர் படுக்குற சாக்குல பாதியைக் கிழிச்சுக் குட்டிக்கு. குட்டி படுத்த துணி டைகர் தட்டுக்கு அடியில. கதவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு... ஒரே நேரத்துல சோறு. மொதல்ல வாசம் பழகட்டும், மூஞ்சியை அப்புறம் பாத்துக்கலாம்னாங்க.

பத்தாவது நாள் எனக்குப் பொறுமை போச்சு. அக்கா வர்றதுக்கு முன்னாடியே கதவைத் திறந்துட்டேன்.

டைகர் ஒரே பாய்ச்சல். குட்டி அலமாரி மேல ஏறிருச்சு. கட்டு அவிழ்ந்து ரத்தம். டைகரைக் கட்டிப் போட்டுட்டுத் திரும்புறப்பதான் அக்கா உள்ள வந்தாங்க.

"உங்க அவசரத்துக்கு அது உசுர விடணுமா டீச்சர்?"

எனக்குச் சுருக்குனு கோபம். கூட்டிப் பெருக்குறவங்க என்னைக் கேக்குறதான்னு நெனச்சேன். ஆமா, நெனச்சேன். இன்னைக்கு அதை எழுதாம இருக்க முடியல.

அக்கா குட்டியை அலமாரி மேல இருந்து இறக்கினாங்க. காலுக்குத் திரும்பக் கட்டுப் போட்டு, கதவைச் சாத்தி, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க.

ஒரு மாசம் கழிச்சு டைகரைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு அக்கா தரையில உக்காந்தாங்க. நான் கதவைத் திறந்தேன். குட்டி நொண்டிக்கிட்டே வெளிய வந்துச்சு. அதுக்குள்ள அக்கா அதுக்கு மிளகுன்னு பேர் வெச்சிருந்தாங்க. டைகர் பாத்தான். உறுமல. கொட்டாவி விட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்.

"திருப்பிக்கிட்டான்ல... ஒத்துக்கிட்டான் சாமி"ன்னு என் தலையைத் தடவினாங்க. கையெல்லாம் பினாயில் வாசம்.

இன்னைக்குக் காலையில அவங்க வீட்டுக்கு ஆபீசர் மாலையோட வந்தாரு. எல்லார் முன்னாடியும் கேட்டேன், ஏன் சார் அனுப்பலைன்னு. இவ்ளோ சீரியஸ்னு தெரியாதுங்க மேடம்னாரு. மூணு நாள் கேட்டிருக்காங்க சார்னேன். மாலையை யார் கையிலயோ குடுத்துட்டு ஜீப்ல ஏறிட்டாரு.

அக்கா பொண்ணு என் கையைப் பிடிச்சு, "போதும் டீச்சர், விடுங்க"ன்னுச்சு.

போதாது கண்ணு.

நாளைக்கு மனு எழுதறேன். கேம்ப்ல கூட இருந்தவங்க, அவங்க லீவு கேட்டதைக் காதால கேட்டவங்க... பயப்படாம ஒரு கையெழுத்துப் போடுங்க.

போயிட்டு வாங்க பழனியம்மா அக்கா. எனக்கு இன்னும் மனசு ஆறல.