பினாங்கு லக்ஸாவும் ஒரு சஹன் சோறும்

ஹாஃபிஸா வெளிநாட்டுக்குப் போவதே சாப்பிடத்தான் என்று அதிராம்பட்டினத்தில் கேலி செய்வார்கள். மகன் பாசித் எந்த ஊருக்குக் கூட்டிப்போனாலும் கட்டடம் பார்க்க மாட்டாள், கடைவீதி பார்க்க மாட்டாள். "இங்க என்ன சாப்புடுவாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கேலியில் தப்பில்லை. ஆனால் அவள் பசிக்காகச் சாப்பிடவில்லை. ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அந்த ஒருத்தி, அவள் கணவர் யூனுஸின் அண்ணன் மனைவி சஃபியா; முறைக்கு அவளுக்கு மச்சி.

ஹாஃபிஸா நீடாமங்கலம் ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவரின் மகள். படிப்பு பாதியில் நின்றுபோனது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். கல்யாணமாகி அதிராம்பட்டினம் வந்த புதிதில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அந்த ஊரில் விருந்து என்றால் சஹன். பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அவரவர் பக்கத்துச் சோறு அவரவருக்கு. நடுவில் இருக்கும் கறியை மட்டும் அந்தச் சஹனில் மூத்தவள்தான் பிய்த்துப் பங்கு வைப்பாள். இலையில் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணுக்கு இது தெரியாது. காலையிலிருந்து வேலை, நல்ல பசி. கையை நீட்டி நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டாள்.

எதிரே இருந்த சஃபியா தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"ஸ்டேஷன்ல எச்சித் தட்டு கழுவுன கை, புத்தி எங்க போவும்," என்றாள், பெண்கள் பக்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "நீயே தின்னு தாயி. எங்களுக்கு வேணாம்."

அவள் எழுந்ததும் மற்ற இருவரும் எழுந்தார்கள். நிறைந்த சஹனுக்கு முன்னால் ஹாஃபிஸா தனியாக உட்கார்ந்திருந்தாள். கறித்துண்டு கையிலேயே இருந்தது. வாயிலும் வைக்க முடியவில்லை, திரும்பவும் வைக்க முடியவில்லை. பக்கத்துச் சஹன்களில் பேச்சு நின்றுபோய், பிறகு சிரிப்பாகத் தொடங்கியது.

சஃபியாவின் கணவர் முகம்மது யூசுப்புக்குப் பினாங்கில் துணிக்கடை. வருடம் ஒரு முறை சஃபியா பெட்டி கட்டிக்கொண்டு போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவாள். வந்ததும் கூடத்தில் பெண்களை உட்காரவைத்துச் சாப்பாட்டுக் கதைதான். கோலாலம்பூரில் வாழையிலையில் பொதிந்து தரும் நாசி லெமாக். கொழும்புக் கடற்கரையில் இறால் வடை. "பினாங்கு லக்ஸா இருக்கே, தேங்காப்பால்ல மெதக்கும். இனிப்பா, பாயசம் கணக்கா. அதத் தின்ன நாக்கு வேற எதயும் கேக்காது." சொல்லிவிட்டு, கதவோரம் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் ஹாஃபிஸாவைப் பார்ப்பாள். "உனக்கு எதுக்குடி இதெல்லாம். நீ டீ ஆத்து."

ஹாஃபிஸா ஒரு சொல்லையும் விடாமல் கேட்டுக்கொண்டாள்.

பாசித் தலையெடுத்து துபாயில் வேலைக்குச் சேர்ந்ததும் உம்மாவை அழைத்தான். அங்கே தேரா பகுதியில் இரானிக்காரர் ஒருவர் அடுப்புச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்துக் கொடுத்த ரொட்டியை, கை சுடச்சுட, நின்றபடியே தின்றாள். வெறும் ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஒரு கொத்துப் புதினா. அப்படி ஒரு ருசியை அதுவரை அவள் நாக்கு கண்டதில்லை. சஃபியா துபாய்க்குப் போனதில்லை என்ற நினைப்பு அதன்மேல் வெண்ணெய் மாதிரி உருகியது.

அங்கிருந்து உம்ரா யாத்திரைக்கு மக்கா போய், மதீனாவுக்கும் போனாள். நோன்பு திறக்கும் நேரத்தில் முன்பின் தெரியாத பெண்களோடு ஒரே தட்டில் மந்தி எனும் அரபுக் கறிச்சோறு. பாஷை தெரியாத ஒருத்தியின் கறுத்த, பெரிய கை கறியைப் பிய்த்து முதல் துண்டை அவள் பக்கம் வைத்தது. ஹாஃபிஸாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாப்பிட்டு முடித்து எல்லோருக்காகவும் கையேந்தித் துஆ கேட்டாள். கடைசியில் தனக்காக ஒன்று: ஒரே ஒரு தடவை சஃபியா மச்சியை என் சஹனில் உட்காரவை. நான் எழுந்துகொள்கிறேன், அவள் தனியாக உட்காரட்டும்.

அந்த இடத்தில் கேட்கக்கூடிய துஆவா என்று அவளுக்கே தெரியவில்லை. கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை.

பிறகு பாசித்துக்கு மலேசியாவில் வேலை. கோலாலம்பூரில் காலை நேரத்தில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, காரத் துவையல், மேலே பொரித்த நெத்திலி. "நம்ம ஊரு நெத்திலிதான்டா இது," என்று சிரித்தாள். சஃபியா சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பினாங்கில் லக்ஸா வந்தது, கிண்ணம் நிறையக் குழம்பில் ஊறிய அரிசி நூடுல்ஸ். முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். புளிப்பு. நல்ல புளி, வெந்து கரைந்த கானாங்கெளுத்தி, அன்னாசி, புதினா. தேங்காய்ப்பால் ஒரு சொட்டுக் கிடையாது. கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். இன்னொரு கடையிலும் வாங்கினாள். அதுவும் புளிப்பு.

அன்று அவர்கள் தங்கியிருந்தது ஊர்க்காரரான ஜாஃபர் சாதிக் வீட்டில். இறந்துபோன யூசுப்பின் கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது.

"ஜாஃபர் காக்கா, எங்க சஃபியா மச்சி இங்க வந்தா எந்தக் கடையில லக்ஸா சாப்புடுவாங்க?"

"சஃபியாவா?" பெரியவர் யோசித்தார். "அது இங்க வந்ததே இல்லயேம்மா. மவுத்தாகுற வரைக்கும் யூசுப்பு விசா விசான்னே சொல்லிக் கடத்திட்டான். அது கெளம்புனா மெட்ராஸோட சரி. மண்ணடியில தங்கச்சி வீட்டுல இருந்துட்டு, பர்மா பஜார்ல வெளிநாட்டு மிட்டாய் டின்னு வாங்கிட்டு ஊருக்குப் போயிடும். இவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

ஊரில் ஆண்கள் சிலருக்கு இது தெரிந்திருக்கும். ஒருவன் வீட்டுப் பெண்ணைப் பற்றி இன்னொருவன் தன் வீட்டில் பேசுகிற ஊரில்லை அது. ஹாஃபிஸாவுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது, மண்ணடிச் சந்தில் கணவன் கடிதத்திலிருந்து லக்ஸாவைக் கற்பனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை நினைத்து. அந்தக் கணம் போய்விட்டது. மறுநாள் ஜாஃபர் சாதிக்கின் மனைவியிடம் லக்ஸா செய்யக் கற்றுக்கொண்டாள்.

போன வருடம் பாசித்தின் கல்யாணம். வலீமா விருந்துக்கு சஃபியா வந்தாள். தலை நரைத்திருந்தது, நடையில் மிடுக்குக் குறையவில்லை. ஹாஃபிஸா கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் சஹனிலேயே உட்காரவைத்தாள். மற்ற இருவர், பினாங்கிலிருந்து வந்திருந்த ஜாஃபர் சாதிக்கின் மனைவியும் மருமகளும்.

சோற்றில் கை வைக்குமுன் ஹாஃபிஸா ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"பினாங்கு லக்ஸா மச்சி. உங்களுக்குன்னு நானே செஞ்சேன். நீங்க சாப்புட்ட மாதிரி இருக்கா பாருங்க."

சஃபியா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். முகம் சுளித்தது. "என்ன புள்ள, ஒரே புளிப்பு. தேங்காப்பால் ஊத்த மறந்துட்டியா? இதுக்குத்தான் எதயும் தின்னு பழகியிருக்கணும்ங்குறது."

பினாங்கு மருமகள் சிரித்துவிட்டாள். "பினாங்கு லக்ஸாவுல யாரு மாமி தேங்காப்பால் ஊத்துவா? புளிப்புத்தானே அதுக்குப் பேரு. நீங்க எங்க சாப்டீங்க?"

"மண்ணடியில," என்றாள் ஹாஃபிஸா. வாழ்நாளில் முதல் முறையாக, பெண்கள் பக்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "தங்கச்சி வீட்டுல. இல்லயா மச்சி?"

சஃபியா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்த சத்தம் கேட்டது.

ஹாஃபிஸா தட்டிலிருந்து கையை எடுத்தாள். "நீங்களே சாப்புடுங்க மச்சி. எங்களுக்கு வேணாம்." எழுந்தாள். கல்யாண வீட்டுக்காரி எழுந்த பிறகு விருந்தாளிகள் எப்படி உட்கார்ந்திருப்பது? அந்த இருவரும் ஒன்றும் புரியாமல் எழுந்தார்கள். பக்கத்துச் சஹன்களில் பேச்சு நின்றது.

ஹாஃபிஸா தூணருகே நின்று பார்த்தாள். அழுவாள் என்று காத்திருந்தாள், எழுந்து போவாள் என்று காத்திருந்தாள். சஃபியா இரண்டும் செய்யவில்லை. நிதானமாகத் தன் பக்கத்துச் சோற்றைப் பிசைந்தாள். பிறகு கையை நீட்டி, நடுவிலிருந்து ஒரு துண்டுக் கறியை எடுத்தாள். அதைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஹாஃபிஸா எழுந்துபோன பக்கத்தில் வைத்தாள்.

"கறி நல்லா வெந்திருக்கு," என்றாள் நிமிராமல். "வந்து உக்காரு ஹாஃபிஸா."

எல்லோரும் ஹாஃபிஸாவைப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை. சஃபியா ஒற்றை ஆளாகச் சாப்பிட்டு, கை கழுவி, செருப்பு மாட்டிக்கொண்டு போகும்வரை தூணருகிலேயே நின்றாள். அந்தத் துண்டுக் கறி தட்டில் ஆறிக் கிடந்தது.

"கூப்டாங்கள்ல உம்மா, போய் உக்காந்திருக்கலாம்ல," என்றான் பாசித் பிறகு.

"எனக்கு வயிறு நெறஞ்சுபோச்சு," என்றாள்.

ஆனால் அது முழு உண்மை இல்லை போலும். போன வாரம் மகனிடம் போனில் கேட்டிருக்கிறாள், கொழும்புக்கு டிக்கெட் எப்போது போடலாம் என்று. சஃபியா சொன்ன, கடற்கரையில் விற்கும் அந்த இறால் வடையைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.