சும்மா பாக்குறேன்

சிதம்பரத்தில் செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஆட்டிசம் உள்ள நோயாளிகளை வார்டில் எப்படிக் கவனிப்பது என்ற வகுப்பு வந்தால் எனக்கு ஏக குஷி. நோயாளி வேஷம் எனக்குத்தான். போன மாதம் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். தொந்தி சிக்கிக்கொண்டது. மாணவிகள் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். வகுப்பே சிரித்தது.

ஒருவர் சிரிக்கவில்லை. வகுப்பில் பேச வரச் சொல்லியிருந்த புவனகிரி அம்மா. ஆட்டிசம் உள்ள அவர் மகனுக்கு இருபது வயதுக்கு மேல்.

"நல்லா நடிக்கிறீங்க சார். இழுத்துதான எடுத்தாங்க? கடலூர் ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான். எம்புள்ளைக்குக் கால்ல ஆணி குத்தி சீழ் வச்சிருக்கு. கட்டு மாத்த நாலு பேரு அமுக்கிப் புடிக்கிறாங்க. இப்ப கடலூர்னு சொன்னாலே ஓடுறான். இப்படியே வுட்டா கால எடுக்கணுமாம். உங்க பொண்ணுங்கள்ல யாராச்சும் வருவாங்களா?"

ஒரு மாணவி வருகிறேன் என்றாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடலூர் ஆஸ்பத்திரியில் ஓரமாக ஒரு அறை. எப்படியோ கூட்டி வந்த மகனை அம்மா கட்டிலில் உட்கார வைத்திருந்தார். மாணவி இரைச்சல் போட்ட மின்விசிறியை நிறுத்தினாள். பஞ்சை அவன் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, முதல்ல தண்ணி ஊத்துவேன். அப்புறம் பழைய கட்டப் பிரிப்பேன். வலிக்கும். கையத் தூக்குங்க, நிறுத்திடுறேன்."

பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவன், மெதுவாகத் தானே காலை நீட்டினான். அவன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. பல வருஷ வார்டுப் பழக்கம், தானாக வந்துவிட்டது. "ஒண்ணும் பண்ண மாட்டாங்க தம்பி. சும்மா பாக்குறாங்க."

அமுக்கிப் பிடிப்பதற்கு முன்னால் எல்லோரும் அவனிடம் சொன்னது அதைத்தான். கால் உதறியது, தட்டு பறந்தது. கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். அவனுக்குத் தொந்தி இல்லை. முழுசாக உள்ளே போனான்.

"அய்யோ சார்! நல்லாத்தான நீட்டுனான்!" என்றார் அம்மா.

மாணவி தரையில் உட்கார்ந்தாள். "சார், கொஞ்சம் வெளிய இருங்களேன்."

பேசக்கூடாதவற்றைப் பட்டியல் போட்டு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் வெளியே நின்றேன். சத்தம் கேட்டு ஓர் ஊழியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார்.

"என்னா சார், புடிக்க ஆள் வேணுமா?"

"வேணாம்."

"அப்புறம் எப்படி கட்டு மாத்துவீங்க?"

கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். தொந்தி அதற்காவது உதவியது. உள்ளே அவள், "முதல்ல தண்ணி ஊத்துவேன்" என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.