பாறையும் மொட்டைமாடியும்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில், பாறைமேல் ஏறி நின்றால்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். மகளைக் கண்ணமங்கலம் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் சேர்த்த பிறகு, தினமும் சாயங்காலம் அங்கே நின்றுதான் அவளிடம் பேசுவேன்.

ஒருநாள் விடுதி வார்டன் போனில் பேசினார். "உங்க பொண்ணு தெனம் மொட்டைமாடியில தனியா நிக்குதுங்க. பழகலன்னா கூட்டிக்கினு போய்டுங்க."

படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் துணிகளை எடுத்துவர இரண்டு பைகளோடு மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன்.

"இன்னாடி, புடிக்கலியா?"

"புடிச்சிருக்கும்மா."

"அப்ப மாடியில இன்னா வேல? ரூம்ல சிக்னல் இல்லியா?"

"நல்லா கெடைக்குது. நீ பாறமேல நின்னு பேசற. நான் கட்டில்ல படுத்துக்கினு பேசவா?"

பக்கத்தில் நின்ற வார்டன் சிரித்துவிட்டார். வெறும் பைகளோடு ஊர் திரும்பினேன்.

இப்போது பாறைக்கு ஒரு ஸ்டூலும் எடுத்துப்போகிறேன். "உக்காந்துட்டேன்டி" என்று நான் சொன்ன பிறகுதான், அவள் அறையில் கட்டில் கிறீச்சிடுவது கேட்கிறது.